தோட்டத்துச் சாலைகள் வரைபடத்தில் ஏன் அறுந்து போகின்றன?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத்துக்குள் ஒரு வண்டி எந்தெந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்? கேள்வி எளியது. தன்னார்வலர்கள் வரையும் பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து சாலைகளை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, அதிலேயே இருக்கும் சேவைப் பகுதிக் கருவியை ஓட்டினால் பதில் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பதிலும் வரும். ஈப்போ பக்கம் போகிற கூட்டரசுச் சாலை அதில் இருக்கும், கோலகங்சார் பக்கம் போகிறது இருக்கும், பட்டணத்துத் தாமான்கள் என்ற வீடமைப்புப் பகுதிகள் எல்லாம் இருக்கும். லிந்தாங் சாலையை ஒட்டிய தோட்டங்களுக்குள் மட்டும் கோடு போகாது; போனாலும் நுழைவாயிலோடு நின்றுவிடும்.

தரவு மோசம், சுத்தம் செய்ய வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் சாலைத் தரவைச் சுத்தம் செய்ய இணையத்தில் கிடைக்கிற வழிமுறைகள் பெரும்பாலும் நகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே ஒரு தோட்டப் பட்டணத்தின் மேல் ஓட்டினால், புடைக்கிற சாக்கில் அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிடுவோம். எங்கெங்கே கொட்டுகிறது, ஏன் கொட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் கணினி சாலையை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திரையில் நாம் பார்ப்பது கோடு. கணினிக்கு அது புள்ளிகளின் வரிசை. இரண்டு சாலைகள் ஒரே புள்ளியைப் பங்கிட்டுக்கொண்டால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குத் திரும்ப முடியும். முப்பது சென்டிமீட்டர் தள்ளி நின்றுவிட்டால், திரையில் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் நமக்குத் தெரிந்தாலும், அதற்கு அந்தச் சாலைக்கும் இந்தச் சாலைக்கும் தொடர்பே கிடையாது. குறுகிய வழியைத் தேடுகிற கணக்குகளில் பெரும்பாலானவை 1959இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறையின் வழி வந்தவை. அந்த முறை கேட்பது இரண்டே விஷயம்: எது எதோடு சேர்ந்திருக்கிறது, கடக்க எவ்வளவு செலவு. கோட்டின் வளைவு, அழகு எதுவும் அதற்குத் தேவையில்லை.

இதிலும் மென்பொருளுக்கு மென்பொருள் பழக்கம் மாறும். கியூஜிஐஎஸ்ஸின் சாலைவலைக் கருவிகள் ஒரு கோட்டின் நடுவில் இருக்கும் புள்ளிகளையும் சந்திப்பாக எடுத்துக்கொள்ளும். வழி கணக்கிடும் இன்னொரு மென்பொருளான பிஜிரௌட்டிங்கில் தரவைத் தயார் செய்கிறபோது கோட்டின் இரு முனைகள்தான் சந்திப்பு. நடுவில் எத்தனை கிளை தொட்டுக்கொண்டிருந்தாலும் கண்டுகொள்ளாது. அதனால் ஒரே கோப்பு ஒன்றில் ஓடும், மற்றதில் துண்டு துண்டாக நிற்கும். ‘தரவு சுத்தமாக இருக்கிறதா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்தக் கருவிக்கு’ என்று கேட்டாக வேண்டும். பிஜிரௌட்டிங்குக்கு என்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் கோட்டை வெட்டியே தீர வேண்டும். கியூஜிஐஎஸ் மட்டும் போதுமென்றால் அந்த வேலையில் பாதி தேவைப்படாது.

இனி தோட்டத்துக்கு வருவோம். பட்டணத்துச் சாலை ஆட்களையும் கடைகளையும் இணைக்கப் போட்டது. தோட்டத்துச் சாலை அதற்காகப் போட்டதல்ல. அறுத்த செம்பனைக் குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். அதனால் லோரி ஓடும் செம்மண் பாதைகள் பாத்தி பாத்தியாக, நேர்கோட்டில், நெருக்கமாக, ஆலையையோ குலை சேர்க்கும் இடத்தையோ நோக்கிப் போகின்றன. வெளிச் சடக்கோடு சேருமிடம் ஒன்றோ இரண்டோதான். எந்தச் சந்திப்பு வழியாக அதிகப் பயணங்கள் போகும் என்று அந்த வலைப்பின்னலில் கணக்குப் போட்டால் எண்ணெய் ஆலைதான் ஊரின் நடுமையம் என்று வரும். லோரிக்கு அது உண்மை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறவருக்கு அந்த ஒற்றை வாசல்தான் மையம்.

அந்த ஒற்றை வாசலுக்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மக்களைப் பிரித்துக் குடியமர்த்த 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சீனக் குடியிருப்புகள் புதுக்கிராமங்களாக்கப்பட்ட அதே காலத்தில், தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பல இடங்களில் முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. அப்புறம் தோட்டத் துண்டாடல் வந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் பல கைகளுக்குப் பிரிந்தன. அதற்கு எதிர்வினையாகத்தான், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான தோட்டங்களில் ஒரே வலையாகப் போட்ட சாலை நடுவில் புது எல்லை விழுந்தது. எல்லை விழுந்த இடத்தில் கேட்டோ சங்கிலியோ மண்மேடோ வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய்த் தாமான் வந்தபோதும் பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு விழுந்தது. இன்று தரவில் நாம் பார்க்கிற அறுந்த முனைகளில் சில வரைந்தவரின் கவனக்குறைவு. சில நிலத்தின் உண்மை. இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்கலே அங்கேதான்.

முதல் இழப்பு சுத்தம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வயல், காடு, தோட்டம் ஆகியவற்றுக்குள் போகும் பாதைகளுக்கு ‘டிராக்’ என்று குறி வைப்பார்கள். தனியார் சாலை என்றால் ‘பிரைவேட்’ என்ற அனுமதிக் குறியும் சேரும். பைத்தானில் பலரும் பயன்படுத்துகிற ஓஎஸ்எம்என்எக்ஸ் நூலகத்தில் ‘வண்டி ஓடும் சாலைகள் மட்டும்’ என்று கேட்டால், டிராக்கையும் பிரைவேட்டையும் அது தானாகவே ஒதுக்கிவிட்டுத்தான் தரும். கோலாலம்பூருக்கு அது நியாயமான வடிகட்டி. இங்கே அந்த ஒரே வரியில் லயங்களும் போயின, தோட்டத்துக் கோயிலும் போயிற்று, சில இடங்களில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் வழியும் போயிற்று. இவ்வளவுக்கும் பிழைச் செய்தி ஒன்றும் வராது. அதனால் இறக்கும்போது எல்லாக் குறிகளையும் சேர்த்தே இறக்கிக்கொண்டு, எதை விடுவது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்வதுதான் பாதுகாப்பு.

அரசுப் பதிவேட்டை எடுத்தாலும் நிலைமை இதேதான், காரணம்தான் வேறு. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம் மாரிஸ் என்ற சாலைப் பதிவு முறையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. தோட்டத்துச் சாலை தனியார் சொத்து, அதில் ஏறாது. பதிவேட்டில் இல்லை என்பதற்காக அந்த வழியாக யாரும் போவதில்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது ஆள்கூற்று முறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை. இதை வேகமாகச் சொல்லிவிடலாம். இறக்கிய தரவு டிகிரியில் இருக்கும். அதை மீட்டருக்கு மாற்றாமல், எவ்வளவு விலகியிருந்தால் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று கேட்கும் சகிப்பளவு என்ற இடத்தில் 1 என்று எழுதினால் அது ஒரு டிகிரி, அதாவது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பேராக் மாநிலத்தின் பெரும்பகுதி ஒரே புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். தீபகற்பத்துக்கு இபிஎஸ்ஜி 3375 என்ற குறியெண் கொண்ட, மீட்டரில் அளக்கும் ஜிடிஎம்2000 முறைக்கு மாற்றிக்கொண்டால் போதும். தோட்ட அலுவலகத்தில் பழைய வரைபடம் கிடைத்து அதைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அது கெர்தாவ் என்ற பழைய நில அளவை அடிப்படையில் இருக்கக்கூடும். உரிய மாற்றம் செய்யாமல் மேலே வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து நிற்கும், லயம் செம்பனைக்குள் போய்விடும்.

அப்புறம் ஒட்டுதல். சற்றுத் தள்ளி நிற்கும் முனைகளை ஒன்றாக இழுக்கிற வேலை இது. கியூஜிஐஎஸ்ஸில் தனிக் கருவி இருக்கிறது, கிராஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் வி.கிளீன் கருவியிலும் இருக்கிறது. எவ்வளவு தூரம் வரை இழுக்கலாம் என்பதை நாம் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் கொடுத்தால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சேரும்தான். ஆனால் தோட்டத்து எல்லையில் இப்படி ஓர் இடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள்: இந்தப் பக்கம் தார்ச் சடக்கு, பக்கத்தில் கால்வாய், அதன் மறுகரையில் வேலி, வேலிக்குள் செம்மண் பாதை. இரண்டு சாலைகளுக்கும் இடையே ஏழெட்டு மீட்டர்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒன்றரைக் கட்டை (மைல்) சுற்ற வேண்டும். பத்து மீட்டர் சகிப்பளவு அந்தக் கால்வாயின் மேல் இல்லாத பாலத்தைக் கட்டிவிடும். ஆம்புலன்ஸ் கணக்கில் அந்தப் பாலம் வழியாக ஓடும். ஒரு மீட்டருக்குள் தொடங்கி, என்னென்ன சேர்ந்தது என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது என் வழக்கம். அதற்கு மேல் விலகி நிற்கிற முனைகளைக் கையால்தான் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரு பட்டண அளவுக்கு அது செய்துவிடக்கூடிய வேலைதான்.

வெட்டுதலில் இதற்கு நேரெதிர்ச் சிக்கல். வி.கிளீனில் ‘பிரேக்’ என்று கொடுத்தால் கோடுகள் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் வெட்டி ஒரு சந்திப்பை உண்டாக்கும். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளம் போட்டபோது, பழைய லெவல் கிராசிங்குகளை எடுத்துவிட்டு மேம்பாலங்கள் கட்டினார்கள். சுங்கை சிப்புட் நிலையமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மேம்பாலத்துக்குக் கீழே தண்டவாளத்தை ஒட்டிச் சிறு சாலைகள் ஓடும். மேலிருந்து பார்க்கும்போது பாலமும் கீழ்ச்சாலையும் குறுக்கிடுகின்றன. வெட்டுங்கருவி அங்கே ஒரு நாற்சந்தியை வைக்கும். பாலத்தின் உச்சியிலிருந்து வண்டி செங்குத்தாகக் கீழே திரும்பலாம் என்று கணக்கு சொல்லும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலேயே பாலம், அடுக்கு என்ற குறிகள் இருக்கின்றன. உண்மையான சந்திப்பில் சாலைகள் ஒரு புள்ளியைப் பகிர்ந்துகொண்டும் இருக்கும். ஆகவே அந்தத் தரவை வெட்டும்போது ‘பகிர்ந்த புள்ளியில் மட்டும் வெட்டு’ என்கிற ஓஎஸ்எம்2பிஜிரௌட்டிங் போன்ற கருவியே சரி. கண்மூடித்தனமான வெட்டு வேண்டாம். பழைய தரவில் இதற்கு மறுபக்கமும் உண்டு. எடுத்துவிட்ட லெவல் கிராசிங் இன்னும் திறந்திருப்பதாகச் சில கோப்புகள் தண்டவாளத்தைத் தாண்டிக் கோட்டை நீட்டிக்கொண்டிருக்கும். நேரில் போனால் வேலி.

இப்போது எனக்கு அதிகம் கோபம் வரவைக்கிற கட்டத்துக்கு வருகிறேன்: தொங்கல் முனைகளை நீக்குவது. ஒரு பக்கம் மட்டும் சேர்ந்து மறுபக்கம் எதையும் தொடாமல் நிற்கும் கோட்டைத் தொங்கல் என்பார்கள். சந்திப்பைத் தாண்டிச் சற்று நீண்டுவிட்ட பிசிறுகளை வெட்ட வி.கிளீனில் ‘ஆர்எம்டாங்கிள்’ இருக்கிறது. நீள வரம்பை நாம் கொடுக்கலாம். எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் நீளமே பார்க்காமல் அத்தனை தொங்கலையும் நீக்கிவிடும். நில எல்லைகளை வரைகிறவருக்கு இது அருமையான கருவி, ஏனென்றால் எல்லைக்கோடு எங்கேயும் அந்தரத்தில் முடியக் கூடாது. சாலை முடியலாம். முட்டுச்சந்து என்பது பிழையல்ல.

ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துப் பெரிய செம்மண் சாலையிலிருந்து இடப்பக்கம் ஒரு பாதை பிரிகிறது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போனால் எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். கடைசி வீட்டுக் கோழிக்கூண்டோடு பாதை முடிகிறது. நீளம் எண்பது மீட்டர் இருக்கும். வரம்பாக நூறு மீட்டர் கொடுத்து ஓட்டினால் அந்தப் பாதை போய்விடும். அதே தோட்டத்தில் செம்பனைப் பாத்திகளுக்கிடையே கட்டம் கட்டமாக ஓடும் லோரிப் பாதைகள் ஒன்றுக்கொன்று இரு முனையிலும் சேர்ந்திருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. யாரும் குடியில்லாத சாலைகள் அத்தனையும் நிற்கும்; ஆட்கள் குடியிருக்கிற சாலை ஒன்று நீங்கும். திரையில் வரைபடம் முன்னைவிடத் துப்புரவாகத் தெரியும், பார்க்கிறவர் பாராட்டவும் செய்வார்.

தொங்கல்களை நீக்குவதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யலாம். ஒவ்வொரு தொங்கல் முனையையும் புள்ளியாக எடுத்து, கட்டட அடுக்கைப் பக்கத்தில் வைத்து, முப்பது மீட்டருக்குள் கட்டடம் இருக்கிற முனைகளைத் தொடவே கூடாது என்று பூட்டிவிடலாம். மிச்சமுள்ளவற்றில் ஐந்து மீட்டருக்குக் குறைந்தவை பெரும்பாலும் பிசிறுகள்தான், தயங்காமல் வெட்டலாம். கட்டடங்களும் வரையப்படாத தோட்டமாக இருந்தால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கூரைகளைக் குறிக்க வேண்டியதுதான். லயத்துக் கூரை நீளமாக, வரிசையாக இருக்கும்; அடையாளம் காண்பது சுலபம். சாலையை அடையாளம் காண்பதுதான் கடினம். வளர்ந்த செம்பனையின் மட்டை பாதையை மூடிவிடும். ரப்பர் மிச்சமிருக்கும் பக்கங்களில் ஆண்டின் முதல் மாதங்களில், மரம் இலை உதிர்க்கிற சமயத்தில் எடுத்த படம் கிடைத்தால் அடியில் ஓடும் பாதை நன்றாகத் தெரியும். இன்னொரு தொல்லை, குலை அறுக்கிறவர்கள் கைவண்டி தள்ளிப்போக இரண்டு வரிசைக்கு ஒன்றாக விடப்படும் ஒற்றையடிப் பாதைகள். மேலிருந்து பார்க்கையில் அவையும் கோடுதான். படத்திலிருந்து தானாகவே சாலைகளைப் பிரித்தெடுக்கிற நிரல்களும் அவசரமாக வரைகிற தன்னார்வலர்களும் அவற்றைச் சாலையாகப் போட்டுவிட வாய்ப்புண்டு. செம்பனை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடப்படுவதால் அந்தப் பாதைகள் பதினைந்து, பதினாறு மீட்டருக்கு ஒன்று என்று ஒரே சீராக வரும். அவ்வளவு நெருக்கத்தில் லோரிச் சாலை யாரும் போடுவதில்லை. கோடுகளுக்கிடையே தூரத்தை அளந்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு வலை எத்தனை துண்டாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்றோடொன்று சேராத ஒவ்வொரு துண்டும் ஒரு தீவு. ‘பெரிய துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கிவிடு’ என்பது வழக்கமான ஆலோசனை. ஓஎஸ்எம்என்எக்ஸ் கேட்காமலே அப்படித்தான் செய்கிறது. தோட்டப் பட்டணத்தில் மிச்சம் என்பது பல சமயம் ஒரு முழுத் தோட்டம். இருநூறு கோடுகள் உள்ளே ஒழுங்காகச் சேர்ந்து நிற்கும், சடக்கோடு சேருமிடத்தில் கேட்டுக்கு இப்பாலும் அப்பாலும் பத்து மீட்டர் மட்டும் வரையப்படாமல் இருக்கும். அல்லது ஓடையின் மேல் இருக்கும் சிறு பாலம் விடுபட்டிருக்கும். தீவுகளுக்கு எண் கொடுத்து, நிறம் போட்டு, நீளத்தின்படி வரிசைப்படுத்திப் பெரியதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், முதல் நாலைந்திலேயே முக்கியமான அறுபடல்கள் எல்லாம் கிடைத்துவிடும். கடைசியில் நிற்கிற ஐம்பது, அறுபது மீட்டர் துணுக்குகளை விட்டாலும் நஷ்டமில்லை, பக்கத்தில் கூரை இல்லாவிட்டால்.

கேட் என்றதும் இன்னொன்று. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கேட் என்பது கோட்டின் மேல் ஒரு புள்ளி. கோடுகளை மட்டும் இறக்கினால் அது கூடவே வராது. புள்ளிகளையும் தனியாக இறக்கிச் சாலையோடு பொருத்திக்கொள்ள வேண்டும். பொருத்திய பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: இந்த கேட் யாருக்குத் திறக்கும்? ஆம்புலன்ஸுக்குக் காவலாளி திறப்பார். பள்ளி வேன் ஓட்டுநரைத் தெரிந்திருந்தால் அவருக்கும் திறப்பார். வெளியாள் காடிக்குத் திறக்கமாட்டார். ஆகவே ஒரே தரவிலிருந்து ஆளுக்கொரு வலை எடுக்க வேண்டும். தரவு அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று பத்திகள் வைத்து, அவசர வண்டி, பள்ளி வண்டி, பொது வண்டி என்று தனித்தனியே ஆமாம், இல்லை போட்டுவிட்டால் கணக்கு நேரத்தில் குழப்பம் இராது. ‘சுத்தமான ஒரே வலை’ என்று ஒன்றைத் தேடுவதில் இங்கே அர்த்தமில்லை.

வேகத்தை மறந்துவிட்டால் இவ்வளவும் வீண். கியூஜிஐஎஸ்ஸில் வேகப் பத்தி எதையும் காட்டாவிட்டால் எல்லாச் சாலைக்கும் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று அதுவே வைத்துக்கொள்ளும். எட்டுக் கிலோமீட்டர் செம்மண் சாலை அந்த வேகத்தில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. மழை பெய்து லோரிச் சக்கரம் உழுதுவிட்ட சாலையில் இருபதுக்கு மேல் போக முடியாது; அதே தூரம் இருபத்து நான்கு நிமிடம் ஆகும். நாம் தொடங்கிய இருபது நிமிடக் கேள்விக்கு ஒன்றில் ‘ஆம்’, மற்றதில் ‘இல்லை’. டிராக்குகளுக்குத் தரம் ஒன்று முதல் ஐந்து வரை குறி வைக்கும் வழக்கம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் அதைக்கொண்டு வேகம் வைக்கலாம். இல்லையென்றால் அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிற ஒருவரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயர்களில் ஜாலான், ஜேஎல்என், லோரோங், எல்ஆர்ஜி என்று நாலு விதமாக இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் தேடி மாற்றிவிடலாம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. முகவரியைக்கொண்டு இடம் தேடுகிறவர்கள் மட்டும் ஊர்ப் பெயரோடு வரும் ‘உத்தாரா’ (வடக்கு) என்பதை விட்டுவிடக் கூடாது. பேராக்கிலேயே தெற்கே இன்னொரு சுங்கை சிப்புட் இருக்கிறது.

சோதனையில் நான் நம்புவது எண்களை அல்ல, வழிகளை. பட்டணத்து மருத்துவமனை, ஒரு தமிழ்ப்பள்ளி, தூரத்து லயம் ஒன்று என்று சில இடங்களை எடுத்து அவற்றுக்கிடையே குறுகிய வழியை வரையச் சொல்ல வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, இடத்தைக் குறிக்கும் புள்ளி எந்தச் சாலையில் போய் ஒட்டியிருக்கிறது என்பது. கருவி மிக அருகில் இருக்கும் கோட்டைத்தான் பிடிக்கும். பிளஸ் ஆற்றங்கரை ஓரத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் கோடு எதிர்க்கரையில் இருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு, வந்த வழிகளை அச்சிட்டுப் பள்ளி வேன் ஓட்டுகிறவரிடம் காட்டினால் போதும். ‘இந்தப் பக்கம் ஏண்ணே போகுது? அந்தப் பாலம் விழுந்து எவ்வளவு நாளாச்சு!’ என்று அவர் கேட்கிற ஒரு கேள்வி, எந்தப் பிழை கண்டுபிடிக்கும் கருவியும் சொல்லாத இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்ததை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே ஏற்றிவிட்டால் அடுத்தவருக்கு வேலை மிச்சம். விடுபட்ட பத்து மீட்டர், விழுந்துபோன பாலம், எடுத்துவிட்ட கிராசிங் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டியவை. நம் ஆய்வு ஓட வேண்டும் என்பதற்காகத் தோட்டத்துச் சாலையின் பிரைவேட் குறியை எடுத்துவிட்டு ஏற்றுவது மட்டும் கூடாது. நம் கோப்பில் நாம் என்ன பத்தி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பொதுத் தரவில் அந்தக் குறி போனால், வழிகாட்டும் செயலியை நம்பி வருகிற வெளியூர் லோரி ராத்திரியில் லயத்து வாசலில் வந்து நிற்கும். கேட் பகலில் திறந்திருக்கும், இரவில் பூட்டுவார்கள் என்று தெரிந்தால், நேரத்தோடு சேர்த்து அனுமதியைக் குறிக்கவும் அங்கே வழி இருக்கிறது.